இருபத்திநாலாவது நிமிஷம்

மொச்சை பிதுக்குகிற வேலைக்குக் கண் தேவையில்லை, கை போதும், அதற்காகத்தான் காலையிலேயே ஊறப்போட்டு வைத்தேன், இல்லாவிட்டால் ஐம்பத்தொரு வயதில் விளக்கு வைக்கிற நேரத்தில் சும்மா உட்கார்ந்து ஃபுட்பால் பார்க்கிறவள் என்று ஆகிவிடும். மணி ஆறு. அங்கே பகல் பன்னிரண்டரை. தரணீஷின் லேப்டாப்பில் பச்சைத் தரை வந்துவிட்டது, இடதுபக்க மூலையில் 00:00 என்று ஒரு சின்னக் கடிகாரம், யாரோ விசில் ஊதினான், ஒன்று, இரண்டு, மூன்று என்று அது ஓட ஆரம்பித்துவிட்டது. இந்தக் கடிகாரத்தில் இருபத்திமூன்றுக்கும் இருபத்திநாலுக்கும் பக்கத்தில் எங்கேயோ ஓர் இடத்தில் அந்த ஊர்க்காரர்கள், நாலாயிரம் பேர் வருவார்களாம், செத்துப்போன என் பையன் தரணீஷுக்காக எழுந்து நின்று கை தட்டப்போகிறார்கள். தட்டுகிறோம் என்று எழுதியிருக்கிறார்கள். தட்டாமலும் போகலாம், வெள்ளைக்காரன் வாக்கு என்ன பெரிய வாக்கு. தட்டினால் அவன் சொன்னது சரி. தட்டாவிட்டால் நான் சொன்னது சரி. நான் சொன்னது சரியாகிவிடக் கூடாதே என்று நான் உட்கார்ந்திருப்பது என் ஆயுசில் இதுதான் முதல் தடவை. மொச்சையைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் பருப்பு வழுக்கிக்கொண்டு கிண்ணத்தில் விழும், தோல் விரலிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். தோலை என்ன செய்வது என்று யாரும் யோசிப்பதில்லை. 02:40. இரண்டு கிழவர்கள் விடாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள், கிளப்பின் சொந்த ஒளிபரப்பு, சம்பளமில்லாத ஆட்கள், மூக்கடைத்த இங்கிலீஷ், கான்வென்ட்டில் பன்னிரண்டு வருஷம் படித்த எனக்கே பாதி புரியவில்லை, எங்கள் சிஸ்டர் ஃபிளாவியா கேட்டிருந்தால் இரண்டு பேர் விரல் முட்டியிலும் ஸ்கேலால் போட்டிருப்பார்.

இந்தக் கிறுக்கு எங்கள் வீட்டுக்குள் வந்ததே ஒரு ரிஜெக்ட் பீஸால்தான். என் வீட்டுக்காரர் சென்னியப்பன், திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகாதவர்கள் யார், முப்பது வருஷமாகச் செக்கிங், துணியில் ஒரு நூல் நழுவியிருந்தால் பத்தடி தூரத்தில் கண்டுபிடிப்பார், வீட்டில் சுவரில் விரிசல் விட்டு இரண்டு வருஷமானாலும் தெரியாது. பையனுக்கு ஒன்பது வயதில் அந்தக் கம்பெனிக்கு ஒரு ஆர்டர் வந்தது, கறுப்பும் மஞ்சளும் பட்டை பட்டையாக ஜெர்சி, நெஞ்சில் எம்பிராய்டரியில் ஒரு மெழுகுவத்தி. நானூறு பீஸில் மெழுகுவத்தி இருக்கிறது, மேலே தீ இல்லை. மெஷினில் அந்த ஒரு ஆரஞ்சு நூல் அறுந்துபோனதை யாரும் பார்க்கவில்லை. ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுப் பையர் திருப்பிவிட்டான். அதில் ஒன்றைத்தான் இவர் டிபன் கேரியர் பையில் சுருட்டிக்கொண்டுவந்தார், முழங்கால் வரை தொங்கியது, அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, "அப்பா, இதுல நெருப்பு எங்கப்பா?" என்றான். "வெள்ளைக்காரன் ஊதி அணைச்சுட்டான், போய்ப் படிடா" என்றார் இவர். அதோடு விட்டிருக்க வேண்டும். விடவில்லை அவன். எதையுமே பாதியில் விடாத பையன், நான்தான் பாதியில் வெட்டுகிறவள். நெருப்பில்லாத மெழுகுவத்தி யாருடையது என்று தேடித் தேடி, எவன் வீட்டுக் கம்ப்யூட்டரிலோ உட்கார்ந்து, கண்டுபிடித்துவிட்டான். கால்டர்பி டவுன் ஃபுட்பால் கிளப். இங்கிலாந்தில் வடக்கே ஒரு மூலை. அந்தக் கிளப்பை அந்த ஊரிலேயே பாதிப் பேர் மதிப்பதில்லையாம். மற்றப் பையன்கள் எல்லாம் பெரிய கிளப் ஏதாவது ஒன்றின் பெயரைச் சொல்லிக்கொண்டு திரிந்தபோது என் பையன் நாலாம் டிவிஷனில் தோற்றுக்கொண்டிருந்த ஒரு மெழுகுவத்திக் கம்பெனியைப் பிடித்துக்கொண்டான். இதோ திரையில் ஓடுகிறார்களே, எல்லார் நெஞ்சிலும் தீ இருக்கிறது. நான் அதைத்தான் பார்க்கிறேன், பந்தை இல்லை.

06:15. சமையலறையில் நான் எதைச் செய்துகொண்டிருந்தாலும் அவன் ஃபிரிட்ஜில் சாய்ந்துகொண்டு சொல்லிக்கொண்டே இருப்பான், நான் காதில் வாங்காத மாதிரி இருப்பேன், வாங்கியிருக்கிறேன் போலிருக்கிறது, எல்லாம் அப்படியே வருகிறது. ஆயிரத்து எண்ணூற்றி எண்பத்தொன்பதில் மெழுகுவத்தி ஃபேக்டரி ஆட்கள், சனிக்கிழமை அரைநாள் லீவு, போதை ஏற்றிக்கொண்டு சண்டை போடுகிறார்கள் என்று முதலாளியே ஒரு பந்தை வாங்கிக் கொடுத்தானாம். மைதானத்துக்குப் பேர் டாலோ லேன், டாலோ என்றால் வத்தி வார்க்கிற மாட்டுக்கொழுப்பு, "மாட்டுக்கொழுப்புச் சந்துன்னு ஒரு ஊரா, தூ" என்று நான் வாணலியைத் தட்டினேன். ஒரே ஒரு தடவை கோப்பைக்கான அரையிறுதிக்குப் போனார்கள், மூடுபனியில் எதிர்ப்பக்கம் கோல் போட்டதே இவர்கள் கோல்கீப்பருக்குத் தெரியவில்லை, அதை இன்னும் பாட்டாகப் பாடுகிறார்கள், தோற்றதைப் பாட்டாகப் பாடுகிற ஊரை நான் கேள்விப்பட்டதில்லை. அப்புறம் ஃபேக்டரியை மூடினார்கள். மெழுகுவத்தி மட்டும் சட்டையில் நின்றது. அப்புறம் எவனோ ஒரு முதலாளி மைதானத்தையே விற்றான், அங்கே சூப்பர் மார்க்கெட் வந்தது, நடுமைதானத்தில் வட்டம் இருந்த இடத்தில் இப்போது மீன் வெட்டுகிறார்கள். செத்துப்போன ரசிகர்களின் சாம்பலைக் கோல்கம்பத்துக்குப் பின்னால் தூவுகிற பழக்கம் அங்கே உண்டாம், எண்பது வருஷச் சாம்பல், அந்த இடம் இப்போது கார் நிறுத்துகிற இடம். "அந்தப் பக்கம் யாரும் ஹாரன் அடிக்க மாட்டாங்கம்மா. போர்டெல்லாம் கிடையாது. தெரிஞ்சவங்க அடிக்க மாட்டாங்க, தெரியாதவங்க அடிச்சா தெரிஞ்சவங்க திரும்பிப் பாப்பாங்க, அவ்வளவுதான்." அதைச் சொன்னபோது "சாயங்கால நேரத்துல சாம்பல் கீம்பல்னு பேசாதடா" என்று அதட்டினேன். சாம்பலைப் பற்றி. இந்தக் கையால் நான் ஒரு மண்சட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு காரில் பவானி ஆறு வரைக்கும் போனேனே, அப்படி அதட்டிய ஐந்தாவது மாசம்.

ஆறு வருஷம் பக்கத்து ஊர் மைதானத்தை இரவல் வாங்கி விளையாடினார்கள். அப்புறம் இன்னொரு முதலாளி வந்து, கறுப்பு மஞ்சள் ராசியில்லை என்று கத்தரிப்பூ நிறத்துக்கு மாற்றினான், மெழுகுவத்தியை எடுத்துவிட்டு மின்னலைப் போட்டான். ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் என்றால், டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய், மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள், ஒரு சீசன் பூராவும், கோல் விழுந்தாலும் திரும்பவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது, சொல்லவில்லை. அந்த முதலாளி ஓடிப்போனான், கோர்ட்டில் கிளப்பையே கலைத்துவிட்டார்கள், சட்டப்படி கிளப் செத்துவிட்டது. ஜனங்கள் ஆளுக்கொரு பங்கு போட்டு அதே பேரில், அதே நிறத்தில், அதே வத்தியோடு வேறொன்றை ஆரம்பித்தார்கள், கீழே எங்கேயோ இருந்து மேலே ஏறி வந்தார்கள், ஆனால் சட்டையில் மட்டும் 1889 என்றுதான் போட்டுக்கொள்கிறார்கள். "அதெப்படிடா, செத்துப்போனதோட பேரை வேறொண்ணுக்கு வெச்சா அது இதாயிருமா? மைதானம் வேற, முதலாளி வேற, ஆடறவன் வேற. என்ன இருக்குது மிச்சம், பேர்ப்பலகையா?" என்று கேட்டேன், நான் கேட்டால் நறுக்கென்றுதான் கேட்பேன். அவன் யோசித்தான். யோசித்து, "போறாங்களேம்மா" என்றான். "யாரு?" "ஆளுங்க. மழை பேஞ்சாலும் தோத்தாலும் சனிக்கிழமை ஆனா போறாங்கல்ல. போறது நிக்கலையே. அதான் கிளப்பு." நான் சிரித்தேன். சாந்தாமணி என்று பேர் வைத்து, சிஸ்டர்கள் சாண்ட்ரா என்று கூப்பிட்டு, கல்யாணமாகி இனிஷியல் மாறி, வீடு மாறி, ஊர் மாறி, இப்போது யாருக்கும் அம்மாவாகவும் இல்லாமல் உட்கார்ந்து மொச்சை பிதுக்குகிறவளிடம் மிச்சம் என்ன இருக்கிறது என்று அவன் திருப்பிக் கேட்கவில்லை. கேட்கிற பையன் இல்லை அவன்.

எதிர்ப்பக்கத்து வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் ஓடிவந்து இடது காலால் தட்டினான், பந்து உள்ளே போய்விட்டது. சனியன்கள். கடிகாரம் 11:20 காட்டுகிறது, கிழவன் பன்னிரண்டாவது நிமிஷத்தில் கோல் என்கிறான். இந்தக் கணக்கும் என் பையனிடம் கேட்ட கணக்குதான். "பதினொண்ணு ஓடறப்பவே பன்னெண்டுன்னு எழுதறானே, வெள்ளைக்காரனுக்குக் கணக்கு வராதா?" "இல்லம்மா, அது நம்ம..." என்று ஆரம்பித்தான், குக்கர் கத்தியது, "போதும், போய்க் குளி" என்று விரட்டிவிட்டேன். நம்ம என்ன? நம்ம என்பதற்கு அப்புறம் என்ன சொல்ல வந்தான்? இந்த வீட்டில் நான் பாதியில் வெட்டிய வாக்கியங்கள் எல்லாம் எங்கே போயின, அந்த ஃபிரிட்ஜ் ஓரத்தில் இன்னும் நின்றுகொண்டிருக்கின்றனவா, ஒரு நாள் மத்தியானம் தண்ணீர் எடுக்கப் போனபோது "அது நம்ம" என்று யாரோ சொன்ன மாதிரி இருந்தது, நான் பாட்டிலைக் கீழே போட்டேன், இவர் ஓடிவந்து, "வழுக்குச்சா?" என்றார், வழுக்கியது என்றேன்.

என் நாக்கைப் பற்றி என் மாமியார் உயிரோடு இருந்தவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். எதிர் வீதியில் ஒருவன் சாயப்பட்டறை போட்டபோது தை தாண்டாது என்றேன், மார்கழியிலேயே பூட்டிவிட்டார்கள். "அம்மிணி, உன்றது கருநாக்கு, வாயைக் கழுவிப்போட்டுப் பேசு" என்றார். கான்வென்ட்டில் படித்தவள் இதையெல்லாம் நம்புவாளா, சிரித்தேன். ஆடி மாசம் சாயங்காலம், இவர்களுடைய சீசனின் முதல் மேட்ச், வாசலில் சிலிண்டர்காரர் நிற்கிறார், புத்தகத்தை எடுத்துவாடா என்று மூன்று தடவை கத்துகிறேன், இவன் இதே மேஜையில் இதே நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கிறான். வந்தது எனக்கு. "உனக்கும் அந்த ஊருக்கும் என்னடா சம்பந்தம்? நாளைக்கு நீ செத்தா அங்க ஒருத்தன் ஒரு நிமிஷம் எந்திரிச்சு நிப்பானா?" சொன்னேன். இந்த வாயால்தான். அவன் கோபித்துக்கொள்ளவாவது செய்திருக்கலாம். திரும்பி, சிரித்தபடி, "நிப்பாங்கம்மா. செத்தவங்களுக்கு வயசு எத்தனையோ, அத்தனாவது நிமிஷத்துல எல்லாரும் எந்திரிச்சு நின்னு கை தட்டுவாங்க. அறுபது வயசுன்னா அறுபதாவது நிமிஷம். தொண்ணூறைத் தாண்டினவங்களுக்குத்தான் சிரமம். நீ வேணாப் பாரு" என்றான். நீ வேணாப் பாரு. பதினேழு நாள் கழித்து, ஆவணியில், பெருமாநல்லூர் ரோட்டில், மழை விட்ட நேரம், வளைவில் மணல் சிந்திக் கிடந்தது, பைக் தனியாக, அவன் தனியாக. யாரும் இடிக்கவில்லை, யாரையும் திட்டக்கூட வழியில்லை எனக்கு. காலையில்தான் அந்த ஜெர்சியைத் துவைத்துப் போட்டிருந்தேன், அப்போது அது அவனுக்கு நெஞ்சில் பிடிக்கிற அளவுக்குச் சின்னதாகிப்போயிருந்தது, போன் வந்தபோது கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது, ஊரெல்லாம் வீட்டில் நிறைந்தபோதும் சொட்டிக்கொண்டிருந்தது, நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அழவில்லை. நெஞ்சில் அடித்துக்கொள்ளவில்லை. "படிச்சவ பாரு, கல்லு மாதிரி நிக்கறா" என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. அப்போதும் கணக்குதான் போட்டுக்கொண்டிருந்தேன். பதினேழு நாள். ஒரு சொல் வேலை செய்யப் பதினேழு நாள் ஆகிறது.

16:30. மார்கழியில் அவன் போனுக்கு ஒரு மெயில் வந்தது, கிளப் உறுப்பினர் அட்டையைப் புதுப்பிக்கவும் என்று, உறுப்பினர் எண் நாலாயிரத்து நூற்றிப் பதினேழு. நான் அன்றைக்கு இருந்த இருப்பில் சுருக்கென்று ஒரு வரி போட்டேன், இந்த உறுப்பினர் இறந்துவிட்டார், தயவுசெய்து மேற்கொண்டு அனுப்ப வேண்டாம், இப்படிக்கு அவர் தாயார். கமா, முற்றுப்புள்ளி எல்லாம் சரியாக. வேறு எதுவும் கேட்கவில்லை, நான் யாரிடமும் எதுவும் கேட்கிறவள் இல்லை. இரண்டு நாள் கழித்து டோரீன் என்று ஒரு அம்மாள், கிளப் ஆபீஸில் கடிதம் பார்க்கிறவராம், எழுபத்தாறு வயதாம், பதில் எழுதினார். மிகவும் வருந்துகிறோம், அவர் ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் எங்களுக்கு ஆறுதல் எழுதுவார், அவருக்கு என்ன வயது? அவ்வளவுதான். என்ன வயது. நீ வேணாப் பாரு. நான் இருபத்திநாலு என்று அடித்து அனுப்பினேன். தை மாசம் முதல் சனிக்கிழமை, எங்கள் மைதானத்தில், இருபத்திநாலாவது நிமிஷம், முடிந்தால் பாருங்கள் என்று மறுநாளே பதில் வந்தது, பார்க்கிறதற்கு லிங்கும். அதை இவரிடம் காட்டினேன். ஒரு தடவை படித்தார், இன்னொரு தடவை படித்தார், துணியில் நழுவின நூலைப் பிடிக்கிற அதே முகம். "இருபத்திநாலுன்னு ஏன் போட்டே? இருபத்திமூணுதான." "சித்திரையோட இருபத்திமூணு முடிஞ்சிருச்சுங்க. நடப்பு இருபத்திநாலு." "அது நம்மூருக்கு. அவங்க முடிஞ்சதைத்தான் எண்ணுவாங்க." "கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ்ல நீங்க என்ன போட்டீங்க? இருபத்திநாலுதான?" "சாந்தா, அது வேற. பையன் இருக்காத ஒரு வருசத்துக்குப் போய் அவங்களைக் கை தட்டச் சொல்லியிருக்கியே." வியாழக்கிழமை அந்த அம்மாளுக்குத் திருத்தி எழுதினேன், எங்கள் வழக்கத்தில் நடக்கிற வயதைச் சொல்லுவோம், நிறைந்த வயது இருபத்திமூன்று, மன்னிக்கவும். மன்னிக்கவும் என்று நான் எழுதியதை அவன் பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பதில் வரவில்லை. அதனால்தான் எனக்கு எந்த நிமிஷம் என்று தெரியாது. இருபத்திமூன்றிலா, இருபத்திநாலிலா, இரண்டும் குழம்பி, சரி விடு என்று விட்டுவிட்டார்களா. காலையில் இவருக்கும் லிங்கை அனுப்பினேன். "ஷிப்மென்ட் இருக்குது, எனக்கு அதெல்லாம் பாக்க முடியாது, நீ பாரு" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை.

கேட் சத்தம். யார் இப்போது. பக்கத்து வீட்டுத் தங்கமணி அக்கா, செருப்பைக் கழற்றுகிறார், உள்ளேயே வருகிறார். "சாந்தா, ஒரு கொத்து கறிவேப்பிலை குடு கண்ணு." "மரம் வெளியிலதான இருக்குது, பறிச்சுக்குங்க." "வெளக்கு வெச்சப்பறம் பறிப்பாங்களா? ஃபிரிட்ஜில கெடந்தா எடு." எழுந்து போய் எடுத்துக்கொண்டு ஓடிவருகிறேன், ஐம்பத்தொரு வயதில் கறிவேப்பிலையோடு ஓட்டம், 19:48. அக்கா திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். "என்னது, பந்து மேட்ச்சா? நீயா பாக்கறே? ஏஞ் சாந்தா, இது தரணி கம்ப்யூட்டர்தான?" முந்தானை மூக்குக்குப் போய்விட்டது. "நேத்துக்கூட எங்க வீட்டுக்காரரு சொன்னாரு, அந்தப் பையன் வாசல்ல நின்னா ஒரு வணக்கம் வெக்காம போகமாட்டான்னு. இருபத்தஞ்சு வயசெல்லாம் சாகற வயசா?" இருபத்தைந்தாம். ஆளுக்கொரு வயது கொடுக்கிறார்கள் என் பையனுக்கு, இருக்கும்போது யாரும் கொடுக்கவில்லை. நாற்காலியை இழுக்கிறார், உட்காரப் போகிறார், உட்கார்ந்தால் ஏழரை. "அக்கா, நீங்க இப்பப் போகோணும்." "ஏன், நான் என்ன சொல்லிப்போட்டேன்?" "ஒண்ணும் சொல்லலை. சொல்றதுக்குள்ள போங்க." முகம் சுண்டிப்போயிற்று அவருக்கு. கேட்டை இழுத்துச் சாத்திய சத்தத்தில் நாளைக்கு வீதி பூராவும் என்ன பேச்சு என்று தெரிந்துவிட்டது, பேசட்டும், கல்லு மாதிரி நின்றவள் இப்போது வாயையும் திறக்கிறாள் என்று பேசட்டும். 21:15. தெருவிளக்கு வந்துவிட்டது. உள்ளே விளக்கு ஏற்றவில்லை நான், சாமி விளக்கும் ஏற்றவில்லை, ஐந்து மாசமாக அதில் எனக்கும் அந்தச் சாமிக்கும் ஒரு பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது. அறையில் வெளிச்சம் என்றால் அந்தப் பச்சைத் தரையிலிருந்து வருவதுதான். பீரோவைத் திறந்துவைத்திருக்கிறேன், எதற்கென்று கேட்டால் தெரியாது, மடித்த ஜெர்சியின் ஓரம் இங்கிருந்து தெரிகிறது. அது பார்க்கட்டும் என்றா. சீ, என்ன நினைப்பு இது. 22:02. எவர் கையும் தட்டத் தயாராவதாகத் தெரியவில்லை, பின்வரிசையில் ஒருவன் பன் தின்கிறான், ஒரு அம்மாள் குழந்தைக்குத் தொப்பியை இழுத்து விடுகிறாள், இந்த முகங்களில் எதற்கு என் பையனைத் தெரியும்? 22:31. 22:31. 22:31. நின்றுவிட்டது. ஒரு சின்ன வட்டம் நடுத்திரையில் சுற்றுகிறது, எல்லாரும் அப்படியே நிற்கிறார்கள், ஒருவன் கால் அந்தரத்தில். ஐயோ. வழுவழு கையோடு எதை அமுக்குவது, அமுக்கினால் மொத்தமும் போய்விட்டால்? அவன் இருந்தால் இரண்டு பொத்தானில் சரி செய்வான். தரணி, இதைக் கொஞ்சம் பாரு சாமி என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அறை எவ்வளவு காலியாக இருக்கிறது என்று கேட்டது. வட்டம் சுற்றுகிறது. அந்தக் கால் அங்கேயே நிற்கிறது. இப்போது அங்கே அது நடந்துகொண்டிருந்தால்? நான் இல்லாமல் நடந்து முடிந்துவிட்டால்? அவன் போனதும் நான் இல்லாமல்தான், நான் இங்கே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், இதுவும் அப்படியே ஆகிவிட்டால் அப்புறம் நான் எதைப் பார்த்தவள்?

கால் கீழே இறங்கியது. ஓடுகிறது. 22:32, விட்ட இடத்திலிருந்தே. 22:50. மொச்சையை விட்டுவிட்டேன். 22:58. 22:59. 23:00. முதலில் அது மழை என்று நினைத்தேன், எங்கள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டில் விழுகிற மழை, ஓரத்தில் ஆரம்பித்து நடுவுக்கு வருகிற மாதிரி. பன் தின்றவன் பன்னை வாயில் கவ்விக்கொண்டு எழுந்தான். தொப்பி அம்மாள் எழுந்தாள், குழந்தையின் இரண்டு கையையும் பிடித்துத் தட்டிவிட்டாள். ஒரு பக்கம் பூராவும் எழுந்தது, அப்புறம் மறுபக்கம், வெள்ளைச் சட்டைக்காரர்களுடைய ஆட்கள் ஒரு மூலையில் கொஞ்சம் பேர் வந்திருந்தார்கள், அவர்களும் எழுந்தார்கள், அவர்களுக்கென்ன வந்தது. ஆட்டம் நிற்கவில்லை, பந்து பாட்டுக்கு ஓடுகிறது, அதைச் சுற்றி இது. இருபத்திமூன்றில் தட்டுகிறார்கள், அப்படியென்றால் என் திருத்தம் கிடைத்திருக்கிறது, இவர் சொன்னதுதான் சரி என்று ஒரு பக்கம் நினைப்பு ஓடும்போதே கிழவன் பேசினான், இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. இது இருபத்திநாலாவது நிமிஷம், இந்தியாவில் திருப்பூரிலிருந்து நம்முடைய உறுப்பினர், டாராநிஷ் என்றான். "தரணீஷ்!" என்று நான் கத்தினேன், "தரணீஷ், ஒரு பேரைச் சரியாச் சொல்லத் தெரியாதா உனக்கு?" கடிகாரம் 23:20. கிழவன் இருபத்திநாலாவது நிமிஷம் என்கிறான். இரண்டும் ஒன்றுதான். இருபத்திமூன்று நிறைந்து ஓடிக்கொண்டிருக்கிற நிமிஷத்துக்கு அவர்கள் ஊரிலும் இருபத்திநாலு என்றுதான் பேர். அது நம்ம நடப்பு வயசு மாதிரிம்மா. அதைத்தான் சொல்ல வந்தான். குக்கர் கத்தாமல் இருந்திருந்தால், நான் கத்தாமல் இருந்திருந்தால், ஃபிரிட்ஜில் சாய்ந்துகொண்டு அவ்வளவுதான் சொல்லியிருப்பான், நான் "ஓஹோ" என்றிருப்பேன், அவன் குளிக்கப் போயிருப்பான். 23:41. சாவுக்குக் கை தட்டுகிற பழக்கம் நமக்கு இல்லை, நான் தட்டவில்லை, என் கை இரண்டும் மேஜைமேல் தோல் ஒட்டிக்கொண்டு கிடந்தது. ஆனால் நின்றுகொண்டிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியாது. ஒரு நிமிஷம் ஒருத்தன் எழுந்து நிற்பானா என்று கேட்டவள், நாலாயிரம் பேரோடு நானும் எழுந்து நின்றுகொண்டிருந்தேன். நின்னாங்கடா. பாத்தேன். நீ சொன்னது சரி. பதினேழு நாளை மட்டும் இன்னும் என்னால் கழிக்க முடியவில்லை, அது எனக்கும் என் நாக்குக்கும் இருந்துவிட்டுப்போகட்டும், இது மட்டும் நீ சொன்னது சரி.

24:00 ஆனதும் மழை விட்ட மாதிரி அது அடங்கியது. எல்லாரும் உட்கார்ந்தார்கள், பன்காரன் மிச்சப் பன்னைத் தின்றான். கோல்கீப்பர் பந்தை உதைத்தான். கடிகாரம் 24:01, 24:02 என்று அவன் இல்லாத இடத்துக்குள் ஓட ஆரம்பித்தது, அதைப் பார்க்கப் பிடிக்காமல் மூடிவிடலாம் என்று கையை நீட்டும்போது போன் அடித்தது. இவர். பார்க்க முடியாது என்றவர். "ஏனுங்க" என்றேன். தையல் மெஷின் சத்தம் இல்லை, எங்கேயோ வெளியே வந்து நிற்கிறார், மூச்சு மட்டும் கேட்டது, மூச்சுக்குப் பின்னால் மழை. அதே மழை. ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்துவிட்டிருந்தது. கூட வேலை செய்கிற யாருடைய போனிலோ மேட்ச்சைப் போட்டு வைத்திருக்கிறார் போல, அங்கே எந்த வீடியோவும் ஒரு நிமிஷம் பின்னால்தான் ஓடும், கம்பெனி காம்பவுண்டில் டவர் சரியாக எடுக்காது, முப்பது வருஷமாக ஒரு இடத்தில் வேலை, டவர் எடுக்கிற மூலை எது என்று இன்னும் தெரியாது. "சாந்தா" என்றார், "தட்டறாங்க சாந்தா..." "பேசாதீங்க" என்றேன், "போனை அப்படியே அதுகிட்ட புடிங்க." பிடித்தார். என் திரையில் 24:20, வேறு எவனோ பந்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறான். மொச்சை வழுவழுப்போடு போனைக் காதில் அழுத்திக்கொண்டு நான் அசையாமல் நின்றேன். அங்கே கிழவன் மறுபடியும் அந்தப் பேரைத் தப்பாகச் சொன்னான். இந்தத் தடவை நான் திருத்தவில்லை. இவர் பக்கத்தில் இன்னும் இருபத்திமூன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.